ஓர்கா கடித்த வீடு

ஒலிவாவின் படகைக் கட்டி இழுத்து வந்த அன்று கரையில் நின்று கை தட்டியவர்களில் நானும் ஒருவன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது.

அக்டோபர் மாதம், சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். எங்கள் ஊரான பர்பாத்தேயின் துறைமுகத்து மதுக்கடையில் எங்கள் பாட்டுக் கோஷ்டி எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தோம். தரிஃபாவுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே ஒரு பாய்மரப் படகின் சுக்கானை ஓர்காக்கள் கடித்துப் போட்டுவிட்டன, மீட்புப் படகு அதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். பீர் கிளாஸும் கையுமாகக் கடையிலிருந்த எல்லோரும் எழுந்து ஓடினோம். அந்தத் திமிங்கிலங்கள் மேல் எங்கள் ஊருக்கு அப்போது அப்படி ஒரு பாசம். தூண்டிலில் மாட்டிய சூரை மீனைப் பாதியிலேயே பிடுங்கித் தின்கின்றன என்று எங்கள் மீனவர்கள் காலம் காலமாகத் திட்டிய அதே மிருகங்கள்தான். சொகுசுப் படகுகளைக் கடிக்க ஆரம்பித்ததும் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டன.

எங்கள் கோபமும் சும்மா வந்ததல்ல. ஊரில் குடியிருக்க வாடகைக்கு வீடு கிடையாது. எல்லாவற்றையும் கோடை விருந்தாளிகளுக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை செய்கிறவன். வெள்ளைக் கால்சட்டை போட்ட ஆசாமிகள் வந்து, நான் எதிரில் நிற்கும்போதே, 'இவனுக்கு இந்த வேலை தெரியுமா?' என்று மேற்பார்வையாளரிடம் கேட்பார்கள். அப்படிப்பட்டவனின் சுக்கானை எது கடித்தால் எனக்கென்ன? பாய்மரம் வைத்திருப்பவன் பணக்காரன், அதற்கு மேல் விசாரிக்க நான் என்ன நீதிபதியா? பிப்ரவரியில் கேலிப் பாட்டுப் பாடும் கார்னிவல் திருவிழாவுக்கு ஓர்கா வேஷம் கட்டிப் பாட, பாதிப் பாட்டு எழுதியே வைத்திருந்தேன்.

படகு துறைமுகத்துக்குள் வந்தது. "ஓர்காவுக்கு ஜே!" என்று கத்தினான் பெர்னபே. எங்கள் கோஷ்டியின் மேளக்காரன், தூண்டில் மீனவன், குரல் மட்டும் ஊரைத் தாண்டிக் கேட்கும். நாங்கள் கை தட்டினோம், விசிலடித்தோம். படகின் முன்பக்கம் மஞ்சள் மழைக்கோட்டில் ஒரு பெண் கயிற்றுச் சுருளோடு நின்றாள். ஐம்பது வயதைத் தாண்டியவள், தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"கை தட்டினது போதும்டா சோம்பேறிப் பசங்களா! எவனாவது இந்தக் கயித்தைப் பிடிங்க!"

அச்சு அசல் பர்பாத்தே பேச்சு. கை தட்டல் அப்படியே அமுங்கிப் போயிற்று. பெர்னபே மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தான். முழங்கையால் ஓர் இடி இடித்தேன்.

"மச்சான், இது யாரு தெரியுதா?" என்றான் அவன், வாயைப் பிளந்துகொண்டு. "நத்தை வித்த கிரோஸ் வீட்டுப் பொண்ணுடா! ஒலிவா! மயோர்க்காவுக்குப் போனவ!"

கயிற்றைப் பிடித்தது நான்தான். அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒலிவா கிரோஸ் இருபத்திரண்டு வயதில் ஊரை விட்டுப் போனவள். மயோர்க்கா தீவில் முப்பத்திரண்டு வருஷம் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்தாள். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு அறைகள். கட்டிலைத் தூக்கி, விரிப்பை மாற்றி, கழிப்பறையைத் தேய்த்து. அவள் குடியிருந்த வீட்டை ஒருநாள் வீட்டுக்காரன் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்போகிறேன் என்று காலி செய்யச் சொன்னான். தீவு முழுக்கத் தேடியும் அவள் சம்பளத்துக்கு ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. துறைமுகத்து மூலையில் பாசி பிடித்துக் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பாய்மரப் படகு கிடைத்தது. இருபத்தெட்டடி, நாற்பது வயது, பழைய கார் விலைகூட இல்லை. வாங்கிக் கழுவினாள். கழுவுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய் கட்டக் கற்றுக்கொண்டது மட்டும் பக்கத்துப் படகுக்காரர்களின் திட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான். ஒன்பது வருஷம் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, அதிலிருந்தே வேலைக்குப் போனாள்.

பிறகு முதுகு போயிற்று. ஹோட்டல் அவளை அனுப்பிவிட்டது. சரி, ஊருக்கே போய்விடலாம் என்று வீட்டோடு கிளம்பியவள், கரையோரமாக மூன்று வாரம் ஓட்டி வந்திருக்கிறாள். ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் மூன்று ஓர்காக்கள் வந்தன.

"முக்கால் மணி நேரம்," என்று மதுக்கடையில் சொன்னாள், போர்வையைச் சுற்றிக்கொண்டு. "ரெண்டு பெருசு, ஒரு குட்டி. பெருசு முட்டும், குட்டி பார்க்கும். அப்புறம் குட்டி முட்டும், பெருசு பார்க்கும். பள்ளிக்கூடமே நடத்துதுங்க என் காலடியில! அடுப்புல இருந்த பருப்புச் சட்டி கவுந்து எம் படுக்கையெல்லாம் பருப்பு. நான் குனிஞ்சு கெஞ்சினேன். 'ஏம்மா, இது படகு இல்லம்மா, என் வீடும்மா'ன்னேன். அதுங்களுக்கு என்ன தெரியும்? அதுங்க மேல எனக்குக் கோபமில்ல." கிளாஸைக் கீழே வைத்தாள். "உங்க மேலதான் கோபம்."



படகைக் கிரேனில் தூக்கி எங்கள் பட்டறையில் நிறுத்தினார்கள். சுக்கானில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். எஃகுத் தண்டு வளைந்திருந்தது. விளிம்பில் என் கட்டைவிரல் அகலத்துக்குப் பல் தடங்கள். பட்டறையில் நிற்கும் படகில் ஆள் தங்கக் கூடாது என்பது விதி, அதனால் ஒலிவா ஒன்றுவிட்ட தங்கை வீட்டு சோபாவில் படுத்தாள். முதுகு வலிக்காரிக்கு சோபா! பகலில் சூரையை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் தற்காலிக வேலை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பிப்ரவரி நடுவில் சூரை வலைக்கான நங்கூரங்களும் சங்கிலிகளும் வந்து இறங்கும். அன்றைக்குள் மற்றதெல்லாம் வெளியே போய்விட வேண்டும். ஓடக்கூடிய படகு தண்ணீருக்கு, ஓட முடியாதது உடைக்கிறவனுக்கு. ஊரே அந்த வலையை நம்பித்தான் சாப்பிடுகிறது, எவனும் எதிர்த்துப் பேசமாட்டான். இன்னொரு வழக்கம், சுவரில் இரண்டு பலகைகள். இடது பலகையில் மீன்பிடிப் படகுகள், வேலை உடனே நடக்கும். வலது பலகையில் சொகுசுப் படகுகள், அவை காத்திருக்கும். மேற்பார்வையாளர் கசில்டா பாய்மரத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கி வலது பலகையில் எழுதினாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நவம்பரில் ஒலிவா என்னிடம் வந்தாள். "அந்த சுக்கான் செஞ்ச கம்பெனி இப்ப இல்லையாம் தம்பி. நீ செய்வியா?"

"ஏப்ரல்ல பார்க்கலாம்க்கா. இடது பக்கம் ஏகப்பட்ட வேலை நிக்குது."

"ஏப்ரல்ல எம் படகு விறகா இருக்கும்."

 ஏப்ரல் என்றது என் வாயிலிருந்து பழக்கத்தில் வந்த பதில். திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. அவள் போய்விட்டாள்.

ஜனவரியில் ஒருநாள் மாலை, பெயிண்ட் கடைக்குப் பின்னாலிருக்கும் ஷெட்டில் ஒத்திகை. கறுப்பு வெள்ளைப் பஞ்சுமெத்தைத் துணியில் தைத்த ஓர்கா வேஷத்தில் எட்டுப் பேரும் வியர்த்து நிற்கிறோம். கதவைத் திறந்துகொண்டு ஒலிவா வந்தாள், தொழிற்சாலை ரப்பர் பூட்ஸோடு.

"எம் மேல பாட்டு கட்டியிருக்கீங்களாமே. பாடுங்க."

எங்கள் கார்னிவலில் இது ஒரு சட்டம் மாதிரி. யாரைக் கேலி செய்கிறோமோ அவர் எதிரில் வந்து நின்றால், அவர் முகத்துக்கு நேராகப் பாடியே ஆகவேண்டும். நிறுத்துகிறவன் கோழை. கேட்கிறவரும் கடைசிவரை நிற்க வேண்டும். வேறு வழியில்லாமல் பீப்பியை ஊதி ஆரம்பித்தேன்.

'வெள்ளைப் படகுச் சீமாட்டி, வெள்ளித் தட்டில் சாப்பாடு,
சுக்கானைக் கடிச்ச ஓர்காவே, எலுமிச்சை பிழிஞ்சு சாப்பிடு!'

மூன்று சரணம். சீமாட்டியின் பட்டு மெத்தை, சீமாட்டியின் ஷாம்பெயின், சீமாட்டியின் அழுகை. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

"மெட்டு நல்லாருக்கு. மத்ததெல்லாம் பொய்."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எழுதினதுக்கா."

"வந்து மூணு மாசமாச்சே. அழிக்க ரப்பர் கிடைக்கலியா?" என் ஓர்கா தலையை ஒரு விரலால் தட்டினாள். "பணக்காரனைக் கேலி பண்ணு, நானும் சிரிக்கிறேன். அவனோட படகு அறுபதடி. ஓர்கா கடிச்சா இன்சூரன்ஸ்ல புதுசு வந்துடும். அவன் பேருகூட உனக்குத் தெரியாது. எம் பேரு தெரியும், எந்த சோபாவுல படுக்கறேன்னு தெரியும். அதனால என்னைப் பாடுற. வசதியா இருக்குல்ல?"

செவிளில் அறைந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. வெள்ளைக் கால்சட்டைக்காரன் எதிரில் இருபது வருஷம் வாய்மூடி நின்ற நான், அறை சுத்தம் செய்கிறவளிடம் வீரம் காட்டியிருக்கிறேன்.

"அப்போ என்ன பாடறது?" என்றான் பெர்னபே, பாவமாக.

"கரையில நின்னு கை தட்டின எட்டு எருமைங்களைப் பத்திப் பாடுங்களேன். அது நிஜம்."

அன்றே உட்கார்ந்து எழுதினேன். ஒலிவா ஒரு டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து திருத்தினாள். 'இருபது அறையில்ல, இருபத்திரண்டு.' 'மழைக்கோட்டு மஞ்சள், நீலமில்ல.' முதல் தடவையாக அவள் சிரித்ததையும் அன்றுதான் பார்த்தேன்.

கார்னிவல் அந்த வருஷம் சீக்கிரமே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சந்தைக் கட்டடத்துப் படிக்கட்டில் நின்று பாடினோம்.

'கையில பீரு, வாயில சிரிப்பு, கரையில எட்டு முட்டாளு,
கயித்தைப் பிடின்னு கத்துது பார், கட்டில் விரிச்ச நம்மாளு!'

முதலில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்று கரையில் எங்களோடு கை தட்டியவர்களும் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். போகப் போகச் சிரிப்பு கொஞ்சம் மாறியது. ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். கடைசிச் சரணத்தில் சுவரிலிருக்கும் இரண்டு பலகைகளையும் இழுத்திருந்தேன். பூனை மாதிரி முகத்தில் மீசை வரைந்துகொண்டு முன்வரிசையில் நின்ற கசில்டா சிரிக்கவில்லை. பாட்டு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு இடது பலகையில எழுதறேன். ஆனா தேதி தேதிதான். பதினேழாந்தேதி நங்கூரம் வருது. ஒரு நாள்கூட தள்ளமாட்டேன்."

"எட்டு நாள்தான் இருக்கு கசில்டா."

"நாக்கு நீளமா இருக்குல்ல? கையும் அப்படி இருக்கான்னு பார்ப்போம்."

கார்னிவல் திங்கட்கிழமை எங்கள் ஊரில் எவனும் வேலைக்குப் போகமாட்டான். நாங்கள் எட்டுப் பேரும் தலைவலியோடு போனோம். கோஷ்டியில் ஒருவன் வெல்டர். வளைந்த தண்டைச் சூடாக்கி நிமிர்த்தி, விலா எலும்பு மாதிரி அதிலிருந்து நீளும் புதுக் கம்பிகளைப் பற்றவைத்தான். நான் நுரைப் பலகையைச் செதுக்கி, ஃபைபர் துணியை அடுக்கடுக்காக ரெசின் பசையில் ஒட்டினேன். பெர்னபே தேய்த்தான், நாள் முழுக்கத் தேய்த்தான், இருமிக்கொண்டே தேய்த்தான். ஒலிவா தொழிற்சாலை விட்டதும் வந்து, எங்கள் ஒவ்வொரு அடுக்கையும் விரலால் தடவிப் பார்த்து, "இங்க ஒரு குமிழி இருக்கு" என்பாள். இருக்கும்.

புதன்கிழமை குளிர்காற்று திரும்பியது. ரெசின் இறுகவில்லை. வியாழன் காலையிலும் தொட்டால் பிசுபிசுப்பு. நான் உண்மையிலேயே பயந்துபோனேன். அடுத்த அடுக்கு போட முடியாது, காத்திருக்கவும் நாளில்லை. அன்று மாலை ஒலிவாதான் ஷெட்டுக்குப் போய் எட்டு ஓர்கா வேஷத்தையும் அள்ளிக்கொண்டு வந்தாள். சுக்கானுக்கு அடியில் ஒரு மின்சாரக் கணப்பை வைத்து, மேலே அந்தப் பஞ்சுத் துணிகளைப் போர்த்தி இறுக்கிக் கட்டினாள், முப்பத்திரண்டு வருஷம் கட்டில் விரித்த கையால், ஒரு மடிப்பு இல்லாமல். வெள்ளிக்கிழமை மாலை விரல் நகத்தால் கீறிப் பார்த்தேன். கல்லாக இறுகியிருந்தது. ஒலிவாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

சனிக்கிழமை மிச்ச அடுக்குகளையும் அதே போர்வைக்குள் இறுக வைத்து, சுக்கானைப் படகில் மாட்டினோம். பதினாறாம் தேதி, ஞாயிறு. வெயில் நன்றாக அடித்தது. கசில்டாவே கிரேனை ஓட்டினாள். கோஷ்டி எட்டுப் பேரும் குடும்பத்தோடு வந்திருந்தோம். ஒலிவா எங்களை ஒரு சுற்று கடலுக்குக் கூட்டிப் போவாள் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். என் மனைவி ரொட்டியும் உப்பில் காய்ந்த சூரையும் கட்டி எடுத்து வந்திருந்தாள். பெர்னபே எங்கிருந்தோ ஒரு கேப்டன் தொப்பி பிடித்திருந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாய்மரப் படகில் போகப் போகிறானாம்.

படகு தண்ணீரில் இறங்கியது. ஒலிவா சுக்கானை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை திருப்பினாள். வெண்ணெயில் கத்தி மாதிரித் திரும்பியது. உள்ளே தண்ணீர் வருகிறதா என்று குனிந்து பார்த்தாள். வரவில்லை. கயிறுகளை நன்றாக இழுத்துக் கட்டினாள். கரையில் நின்ற எங்களைப் பார்த்து, "இருங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் படகின் உள்ளறைக்குள் இறங்கினாள்.

காத்திருந்தோம். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று. பெர்னபே பொறுமையில்லாமல் படகில் ஏறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினான். சத்தமே இல்லாமல் இறங்கி வந்தான். அவன் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை.

"தூங்கறா மச்சான். பூட்ஸைக்கூட கழட்டல."

நான்கு மாதத்துக்குப் பிறகு அவள் சொந்தப் படுக்கை. நாங்களோ பிக்னிக் கூடையோடு சவாரிக்கு வந்து நிற்கிறோம். எட்டு எருமைகளுக்கும் அப்போதுதான் முழுசாக உறைத்தது. என் மனைவி ரொட்டிப் பொட்டலத்தைப் படகின் மேல்தட்டில் நிழலாகப் பார்த்து வைத்தாள். பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு நடந்தோம்.