விழ வேண்டிய தடை

மகளின் கணுக்கால் நொறுங்கியதைக் கேட்டுத் துடித்த தையல்காரம்மா, இனி அவளால் ஓட முடியாது என்று டாக்டர் சொன்னதும் உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் அடைந்தாள். தடையோட்டத் தகுதிப் போட்டியில் யாரோ ஒரு தடையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். தடையின் பாதங்கள் ஓடி வருபவரைப் பார்த்து நீண்டிருந்தால், கால் பட்டதும் அது சாய்ந்துவிடும். திருப்பி வைத்தால் சுவர்தான். அன்று அது சுவராக நின்றது.

"போதும்டி. இனிமே கடையில உக்காந்து எனக்குப் பட்டன் தைச்சுக் குடு."

"தைக்கிறேம்மா. அதுக்கு முன்னாடி ஒரு எடத்துக்குப் போகணும்."

ஊன்றுகோலோடு அவள் போன இடம் தடகளச் சங்க அலுவலகம். துணைக்குப் போன அம்மா கதவோர பெஞ்சில் உட்கார்ந்தாள். சங்கத் தலைவர் இரும்புக்கடை முதலாளி. தங்கமான மனிதர்தான், ஆனால் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடிப் பழக்கமில்லாதவர்.

"விளையாட்டுன்னா அடி படத்தாம்மா செய்யும்" என்று டீ வரவழைத்தார்.

"ஓடுறதுக்கு முன்னாடி ஓடுறவங்களே அவங்கவங்க தடையைத் தொட்டுப் பாக்கட்டும் சார். வேற ஒண்ணும் கேக்கல."

"அதுக்குத் தீர்மானம் வேணும். கமிட்டில இருக்கிறவங்கதான் கொண்டு வரணும்."

"அப்ப நான் கமிட்டிக்கு வரேன்."

அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையெல்லாம் சிந்தியது. அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை.

கமிட்டிக்குள் நுழைய ஏதாவது ஒரு கழகத்தின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். மகள் ஒரு கழகத்தையே தொடங்கினாள். தையல்கடைப் பலகையில் 'சட்டை, பாவாடை தைத்துத் தரப்படும்' என்ற வரிக்குக் கீழே ஓட்டக் கழகத்தின் பெயர் ஏறியது.

"ஏங்க்கா, துணி தைக்கக் குடுத்தா ஓடியும் காட்டணுமா?" என்று அளவு கொடுக்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கழகத்தில் சேர்ந்த பிள்ளைகள் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் துணிகளை அவள்தான் வெட்டிக் கொடுத்தாள்.

மகள் நடுவர் தேர்வு எழுதினாள். கொளுத்தும் வெயிலில் ஒவ்வொரு கழகத்தின் மைதானத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டாள், தடை சுமந்தாள். கமிட்டியில் இடம் கிடைத்த பிறகு, கூட்டத்துக்குக் கூட்டம் அதே தீர்மானத்தோடு எழுந்து நின்றாள். "தடையக்கா எழுந்தாச்சு, டீ சொல்லுங்கப்பா" என்று மற்றவர்கள் நெளிவார்கள். வருஷங்கள் ஓடின. அவளைக் கிண்டல் செய்த கழகங்களே ஒருநாள் அவளைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தன.

தீர்மானமும் நிறைவேறியது. ஆனால் தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். "ஒரே ஒரு போட்டிக்குத்தான். பரிசு குடுக்க வர்ற விருந்தாளி முன்னாடி மானம் போச்சுன்னா அன்னிக்கே இந்த விதியைத் தூக்கிடுவேன்."

அந்தப் போட்டி நாளில் அம்மா முதல் வரிசையில் முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் இறுதி ஓட்டம். மேடையில் விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எட்டுப் பெண்களும் தங்கள் தங்கள் பாதையில் நடந்து தடைகளைத் தொட்டு, தள்ளிப் பார்த்தார்கள். ஏழு பேர் தலையசைத்துத் திரும்பினார்கள். கடைசிப் பாதைப் பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, இது சாய மாட்டேங்குது."

அம்மா சட்டென்று மகளைத் தேடினாள். பையன்கள் ஓட்டம் முடிந்ததும் அந்தப் பாதையில் தடைகளின் உயரத்தைக் குறைத்து வைத்தவள் அவள் மகளேதான்.

தலைவர் மேடையிலிருந்து குனிந்து பல்லைக் கடித்தார். "சின்னப் பொண்ணு பயத்துல உளறுது. ஓட்டத் துப்பாக்கியைச் சுடச் சொல்லும்மா!"

மகள் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்துபோய் மண்டியிட்டாள். தடையின் பாதத்துக்குள் நகரும் எடைக்கட்டி, பையன்களின் உயரத்துக்கு உரிய இடத்திலேயே இருந்தது. உயரத்தைக் குறைக்கும்போது அதையும் நகர்த்தாவிட்டால் தடை லேசில் சாயாது. உயரத்தைக் குறைத்தவள் எடையை நகர்த்த மறந்திருந்தாள். எழுந்து மைக்கை வாங்கினாள்.

"எட்டாவது பாதையில தப்பு இருக்கு. செஞ்சது நான். எல்லாத் தடையையும் மறுபடி பாத்த பிறகுதான் ஓட்டம். பொறுத்துக்கணும்."

அம்மா மகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தாள். அதில் அவமானம் இல்லை. பதக்கத்தோடு வீட்டுக்கு வந்த நாட்களில்கூட அம்மா காணாத ஒரு மலர்ச்சி இருந்தது. தான் பெற்றதுதானா இது?

மகள் அந்தப் பெண்ணின் முதுகில் தட்டினாள். "நல்லாப் பாத்தே. நான் வெச்சதுன்னாலும் விடாதே."

விருந்தினர் பாதியில் கிளம்பிப் போய்விட்டார். ஓட்டம் தாமதமாக நடந்தது. கடைசிப் பாதைப் பெண் ஒரு தடையை இடித்தாள். அது சொன்னபடி சாய்ந்தது. தடுமாறியவள் சமாளித்து ஓடி ஐந்தாவதாக வந்தாள்.

தலைவர் முகம் சிவக்க இறங்கி வந்தார். "மானம் கப்பலேறியாச்சு. திருப்தியா?"

"விதியைத் தூக்கிடுறீங்களா சார்?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த வயதுப் பிரிவு ஓட்டத்துக்கான பையன்கள், யாரும் கூப்பிடாமலே மைதானத்துக்குள் இறங்கி, ஆளுக்கொரு தடையின் பாதத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். தலைவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் தூக்கினா மட்டும் இவனுங்க கேக்கவா போறானுங்க?" என்று முனகிக்கொண்டே மேடைக்குத் திரும்பினார்.

"மறைக்குதும்மா, உக்காருங்க" என்று பின்வரிசையில் யாரோ அதட்டிய பிறகுதான், தான் எழுந்து நிற்பதே அம்மாவுக்குத் தெரிந்தது. அவள் உட்காரவில்லை.