மச்சானுக்கு வைத்திருந்த ரெகுலேட்டர்

என்னிடம் டைவிங் பழகும் திண்டிவனம் செல்வம், தண்ணீருக்கடியில் மூச்சுவிட வாயில் கவ்வும் ரெகுலேட்டரை டீலரிடம் கொடுக்காமல் வீட்டிலேயே சர்வீஸ் செய்து, இன்று கோட்டக்குப்பம் கடலுக்குக் கொண்டுவந்தார்.

"பைக் கார்புரேட்டரையே பிரிச்சி மாட்றவன் நானு. இதுக்குப் போயி டீலரு எதுக்குங்க?"

"அப்ப நீங்களே போட்டுக்கினு எறங்குங்க" என்றேன்.

"மொதல்ல மச்சான் எறங்கட்டும்."

செல்வத்தின் மனைவியின் தம்பி, முதல் வாய்ப்பு தனக்குத்தான் என்ற பூரிப்போடு பக்கத்தில் நின்றிருந்தான்.

நான் விடவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் செல்வத்தையே முங்க வைத்தேன். இரண்டாவது மூச்சிலேயே உப்புத்தண்ணீரைக் குடித்து, இருமிக்கொண்டே எழுந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

மச்சான் சிரிக்கவில்லை. "இத்தையா மாமா என் வாயில வக்கப் பாத்தீங்க?"

"அக்காகிட்ட சொல்லிடாதடா" என்று கெஞ்சினார்.

அந்த அக்காவும் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார். டேக் செய்யட்டுமா?