தட்டு அடித்த சில்லு

எனக்கு மோட்டார் சைக்கிளில் உட்காரத் தெரியாது. இது எங்கள் சொந்தபந்தம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மஹய்யாவையில் எங்கள் சந்தில் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ என்றால், சாப்பாடு முடிந்ததும் என் வீட்டுக்காரர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கதையை எடுப்பார். "நம்ம டீச்சரம்மாவுக்கு போர்டுல கணக்குப் போடத் தெரியும், பைக்ல உக்காரத்தான் தெரியாது." எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு காலத்தில் நானும் சேர்ந்து பல்லைக் காட்டியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

டீச்சர் வேலை எனக்குச் சும்மா கிடைத்ததில்லை. அம்மா தேயிலைக் கொழுந்துக்கூடையோடு மலை ஏறி இறங்கித்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஹேவாஹெட்டைக்கு அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியை நியமனம் வந்த அன்று அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டேன், வேலையை விடமாட்டேன் என்று. அன்றைக்கு எல்லாரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

கல்யாணமாகி மஹய்யாவைக்கு வந்த பிறகுதான் சிக்கல். பஸ் மாறிப் பஸ் ஏறிப் போனால் முதல் பாடம் பாதி முடிந்திருக்கும். நல்லவேளை, அவருக்கும் ஹேவாஹெட்ட டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில்தான் வேலை. காலையில் என்னைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குத் திரும்புவார், மாலையில் வந்து ஏற்றிக்கொள்வார். ஆக, என் உத்தியோகம் முழுக்க அந்த பைக்கின் பின்சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் என்றால் சாரி. சாரி என்றால் கால் இரண்டையும் இடப்பக்கம் போட்டு ஒருபக்கமாகத்தான் உட்காரலாம். அப்படித்தான் ஒரு வருஷத்துக்கு மேல் போய் வந்தேன். ஒரு குறையும் இல்லை.

பிறகு அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. போனில் ஏதோ வெளிநாட்டு பைக்கைப் பார்த்துவிட்டார். அதன் சில்லில் கம்பியே இல்லை, சக்கரம் முழுக்க ஒரே தகடு. பார்த்த நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கலகெதரையில் இருக்கும் ஒரு வேர்க்ஷொப்புக்குப் போய், அலுமினியத் தகட்டை வட்டமாக வெட்டி, முன்சில்லு பின்சில்லு இரண்டிலும் இரண்டு பக்கமும் கம்பிகளை மூடி, போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டு வந்துவிட்டார். தட்டின் ஓரத்தைச் சுற்றித் தன் கையாலேயே சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்தார். எங்கள் சந்து படிக்கட்டு, வண்டி ஏறாது. கீழே ரோட்டோரக் கடைக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவார். அங்கே ஊர்ப் பெடியன்கள் எல்லாம் சுற்றி நின்று, "மச்சான், செம வீல்" என்று உச்சி குளிர வைத்தார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆடி பிறந்ததும் ஆட்டம் தொடங்கியது. தலாத்துஓயாவைத் தாண்டி மேலே ஏறும்போது ஓரிடத்தில் வலப்பக்க மலை விலகிப் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். அதுவரை மலை மறைத்து வைத்திருந்த காற்று அங்கே மொத்தமாக வந்து விழும். கம்பிச் சில்லாக இருந்தபோது அது எங்கள் உடுப்பைப் படபடக்க வைத்துவிட்டு, சில்லுக்குள் புகுந்து தன்பாட்டில் போய்விடும். இப்போது போக வழியில்லை. முன்சில்லுத் தட்டில் அறைந்ததுமே ஹேண்டில் அவர் கையை மீறி இடப்பக்கம் வெட்டும். பின்சில்லிலும் காற்று அடிக்கத்தான் செய்தது, ஆனால் அது அவ்வளவு தொந்தரவு இல்லை. எனக்குப் பின்னால் இருந்தே தெரிந்தது, உதறுவது முன்பக்கம்தான்.

"ஆடாம இரு!" என்று கத்துவார்.

"நான் எங்கங்க ஆடுறேன்? காத்துல்ல தள்ளுது."

"காத்து நேத்துதான் பொறந்துச்சா? இத்தன வருஷமா இதே ரோட்டுலதானே போறேன். ஒருபக்கமா மூட்டை மாதிரி குந்திக்கிட்டா வண்டி அந்தப் பக்கம்தான் இழுக்கும்."

மூட்டை! எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கவனித்துக்கொண்டே வந்தேன். காலையில் போகும்போது காற்று வலப்பக்கமிருந்து வரும், வண்டி இடப்பக்கம் வெட்டும். மாலையில் திரும்பும்போது அதே இடத்தில் காற்று இடப்பக்கமிருந்து வரும், வண்டி வலப்பக்கம் வெட்டும். நான் போகும்போதும் வரும்போதும் காலை இடப்பக்கம்தானே போட்டிருக்கிறேன்? என் பாரம்தான் இழுக்கிறது என்றால் எப்போதும் ஒரே பக்கம் அல்லவா இழுக்க வேண்டும்? இதை ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது பதமாகச் சொன்னேன். "முன்னால உள்ள தட்ட மட்டுமாவது கழட்டிப் பாருங்களேன்" என்றேன். சோற்றுக் கையை உதறினார். "எனக்கே பாடம் நடத்துறியா? இருபது வயசுல இருந்து பைக் ஓட்டுறேன் நான்." அவருடைய அம்மா, என் மாமி, தன் பங்குக்கு, "ஆம்பள வண்டியப் பத்தி ஒனக்கென்ன பேச்சு?" என்றார். நான் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை. அதே இடம், அதே காற்று. அவர் ஹேண்டிலை வலப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு பஸ் வந்தது. அது எங்களைக் கடக்கும்போது காற்று முழுவதையும் மறைத்துவிட, இழுத்துப் பிடித்திருந்த வேகத்தில் வண்டி பஸ் பக்கமே சாய்ந்தது. அவர் பதறி இடப்பக்கம் ஒடித்தார். பஸ் விலகியதும் காற்று மறுபடி ஓங்கி அறைந்தது. அவ்வளவுதான், இடப்பக்கம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் கிடந்தோம். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றார்கள். அவர் கால்மாட்டில் நின்று விவரித்தார். "பஸ்ஸப் பாத்ததும் பயந்து துள்ளிட்டா. பின்னால ஒரு ஆள் துள்ளினா நான் என்ன பண்றது?" எல்லாரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். ஊசி மருந்தின் மயக்கத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, உண்மையிலேயே துள்ளித்தான் இருப்பேனோ என்று. நாலு பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் நம் உடம்பையே நாம் நம்ப மாட்டோம் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு தயாராக இருந்தது. "இனி ஒன்ன ஏத்திக்கிட்டு அந்த ரோட்டுல போக மாட்டேன். ஒன் உசுருக்கும் என் உசுருக்கும் யார் பதில் சொல்றது?" என்றார். மாமி, "கைய ஒடச்சிக்கிட்டு என்னடி உத்தியோகம்?" என்றார். நான் அழுதேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: ஒழுங்காக உட்காரத் தெரியாதவளை எப்படிக் கூட்டிக்கொண்டு போவது? பஸ்ஸில் போனால் தினமும் பிந்தும், பிந்தினால் அங்கேயும் பேச்சு. குற்றம் என்னுடையது என்று பாதி நம்பிவிட்ட மனசுக்கு எவ்வளவு நேரம் போராட முடியும்? வேலையை விட்டுவிட்டேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

மாவுக்கட்டு வெட்டிய பிறகு, பாடசாலையில் கிடந்த என் சாமான்களை எடுத்துவர ஒரேயொரு தரம் கூட்டிப் போகச் சம்மதித்தார். காற்று இன்னும் ஓயவில்லை. அதே சாரி, அதே ஒருபக்க உட்காரல். அந்த இடம் நெருங்க நெருங்க இடது கையால் சீட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மலை விலகியது, காற்று வந்து அறைந்தது. என் முந்தானை பறந்தது, ஆனால் வண்டி நேராகப் போனது. ஹேண்டில் அசையவே இல்லை.

அவர் பாதி திரும்பி, "பாத்தியா? இப்பதான் ஒழுங்கா உக்காரப் பழகியிருக்க" என்றார்.

அப்படியானால் உண்மையிலேயே நான்தானா? என் வேலையை நானேதான் கெடுத்துக்கொண்டேனா? பாடசாலை வாசலில் இறங்கித் தலையை நிமிர்த்தாமல் நின்றவள், அப்போதுதான் வண்டியைப் பார்த்தேன். விழுந்த நாளிலிருந்து அதன் பக்கமே நான் கண்ணைத் திருப்பவில்லை, வரும்போதும் பின்பக்கமாகவே ஏறியிருந்தேன். பின்சில்லில் தட்டு மினுங்கிக்கொண்டு இருந்தது. முன்சில்லில் தட்டு இல்லை. கம்பிகளுக்கு ஊடாகப் பாடசாலை மதில் தெரிந்தது.

"முன்னால இருந்த தட்டு எங்க?"

"அது… கடகடன்னு சத்தம் போட்டுச்சு. கழட்டிட்டேன்."

"எப்ப?"

"யாருக்கு ஞாபகம்? போய்ச் சாமான எடுத்துக்கிட்டு வா, நேரமாகுது."

என் மேசையில் இருந்த வேறொரு டீச்சர் என் பையை எடுத்துத் தந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நான் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகக் குசினிக்குப் பின்னால் இருந்த மாமியிடம் போனேன்.

"மாமி, பைக்ல இருந்து கழட்டின தட்டு எங்க?"

மாமிக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. "அந்தா, ஒன்னு தண்ணிப் பீப்பாய் மேல, மத்தது உள்ளுக்கு. நீ ஆஸ்பத்திரியில கெடந்தப்ப கொண்டாந்து குடுத்தான். நாங்கெல்லாம் ஒன்னப் பாக்க வந்தோமே, அன்னைக்கு வெள்ளன. மூடியா வச்சிக்கோம்மான்னான்."

அன்று காலையில் கழற்றிவிட்டுத்தான் என் கால்மாட்டில் வந்து நின்று, நான் துள்ளினேன் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த மூடியைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் இருந்த ஓட்டையை மறைத்து மாமி ஒரு செங்கல் வைத்திருந்தார். முறிந்த கையாலேயே செங்கல்லைத் தள்ளிவிட்டுத் தட்டைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில், அவர் கையால் இழுத்த சிவப்புக் கோடு.

"ஏய், கல்ல எடுக்காதடி," என்று மாமி ஓடி வந்தார். "சும்மா வச்சா காத்து தூக்கிட்டுப் போயிரும்."

"தெரியும் மாமி," என்றேன். "ஒங்க மகனுக்கும் தெரியும்."