பறந்த வேட்டியும் மிதந்த வேட்டியும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்து கோணும். பாதி மறந்துபோகும். வாராவாரம் பொறுத்துக்கொள்கிறீர்கள், இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள்... விஷயம் கூழ் வத்தலைப் பற்றியது.

மெட்ராஸில் என் மருமகளுக்கு மூன்றாம் மாதம். மசக்கை. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. "நம்ம ஊர் கூழ் வத்தல் இருந்தா ரசஞ்சோறு ஒரு வாய் இறங்கும்" என்று அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாள். துணைக்குப் புறப்பட்ட அவள் அம்மா, வள்ளியூர்க்காரர், போன வாரம் எங்கள் வீட்டில் வந்து இறங்கினார். மறுநாள் சாயங்காலம் ரயில். அதற்குள் வத்தல் தயாராக வேண்டும். மெலிசாக ஊற்றினால் ஆனிக் காற்றுக்கு ஒரு பகல் போதாதா?

விடியும் முன்பே கூழ் காய்ச்சிவிட்டோம். எங்கே காய வைப்பது? அங்கேதான் சண்டை. சண்டை என்றா சொன்னேன்? சம்பந்திகளுக்குள் ஏது சண்டை! மரியாதையாக முறைத்துக்கொண்டோம்.

"ஆத்து மணல்ல விரிச்சிருவோம் மதினி. கீழ மணல் சுடும், மேல வெயில் அடிக்கும்" என்றார் சம்பந்தி.

"தண்ணி வந்துட்டா?"

"என்ன மதினி சொல்லுதிய! வானத்தைப் பாருங்க. ஒரு பொட்டு மேகம் உண்டா?"

தலைக்கு மேலே இல்லைதான். ஆனால் மேற்கே, பாபநாசம் பக்கம், மலை மேகக் கம்பளி போர்த்திக்கொண்டு நின்றது. வள்ளியூரில் வானத்தைப் பார்த்தால் போதும். ஆற்றங்கரையில் மலையை அல்லவா பார்க்க வேண்டும்? இதை அவரிடம் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையைப் பெற்றவள் என்று பேர்தான். எனக்கு எதிர்த்துப் பேச வாய் வராது.

"பாதி அங்கன... பாதி எங்க வீட்டு மாடியில" என்றேன் பைய. "மாடிக்குத் தண்ணி வராதுல்லா?"

எங்கள் வீட்டுக்காரரின் வேட்டிகள் இரண்டையும் எடுத்தோம். ஒன்று மணலில். ஒன்று மாடியில், நான்கு மூலைக்கும் கல் வைத்து.

பிறகு காபி குடிக்க உள்ளே வந்தோம். ஒரே ஒரு டம்ளர் காபி. அவ்வளவுதான்.

"ஏ ஆச்சி! ஒங்க வேட்டி ஊர்வலம் போவுது!" — படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் குரல்.

ஓடினோம். மணல்திட்டையே காணோம். கலங்கிய தண்ணீர் அதன்மேல் ஓடியது. நடு ஆற்றில் வேட்டி, விரித்தது விரித்தபடி, ராஜா மாதிரி போய்க்கொண்டிருந்தது. சுத்த சைவ வத்தல்... மீன்களுக்கு!

"மேல ஒரு துளி விழலியே மதினி, இது எங்கன இருந்து வருது?"

நான் மலையைக் கைகாட்டினேன். வாய் பேசவில்லை. முகம் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

அந்தக் கர்வம் எவ்வளவு நேரம்? திரும்பி வந்து பார்த்தால் மாடியில் கற்கள் மட்டும் இருக்கின்றன. வேட்டி, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கொடியாகப் பறக்கிறது!

"சரிதான். ஒங்க மாடிக்குத் தண்ணி வராது மதினி" என்றார் சம்பந்தி.

எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "நான் இனி எதைக் கட்டிக்கிட்டு வெளிய போக?"

துரட்டியால் வேட்டியை இழுத்து இறக்கினோம். பாதி வத்தல் உதிர்ந்துவிட்டது. மீதி ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "பிள்ளை இத ஒண்ணத்தானே கேட்டா..." சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். இனி மணலையும் நம்ப மாட்டேன், மாடியையும் நம்ப மாட்டேன் என்று வேட்டியை அப்படியே சுருட்டிவைத்து, சாயங்காலம் அதோடு ரயிலேறினார்.

அன்று ராத்திரி யோசித்தேன். மலைக்கு அந்தப் பக்கம், மேற்குக் கடலில் கிளம்புகிற காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. மலையில் முட்டி, சுமையை மழையாக அங்கேயே இறக்கிவிடுகிறது. அது ஆறாகி வருகிறது. காற்றோ வெறுங்கையோடு ஊருக்குள் ஓடி வருகிறது. அப்படியானால் மணலில் எடுத்ததும் அதுதான், மாடியில் எடுத்ததும் அதுதான். ஒரே திருடன் — இரண்டு வாசல்! நாங்கள் ஆளுக்கொரு வாசலில் காவல் வைத்துவிட்டு, யார் கெட்டிக்காரி என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் எதிர்வீட்டுக்குப் போன் வந்தது.

"மதினி, வேட்டிய ரயில் ஜன்னல் கம்பியில கட்டிட்டேன். கோவில்பட்டி வாரதுக்குள்ள கரிசக்காட்டுக் காத்து மொறுமொறுன்னு ஆக்கிட்டு. 'என்னம்மா, வேண்டுதலா?'ன்னு பெட்டியே கேட்டுச்சு!"

"பிள்ளை சாப்பிட்டாளா?"

"ரெண்டு கரண்டி ரசஞ்சோறு. வயித்துல தங்கிட்டு மதினி."

எடுத்த காற்றே கொடுத்தும்விட்டது.

அந்தக் காற்று எந்தக் கடலில் கிளம்புகிறது, மலையைத் தாண்டியதும் ஏன் காய்ந்துபோகிறது என்பதையெல்லாம் நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா? பூகோளம் படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். வேட்டிக் கணக்கை மட்டும் எங்கள் வீட்டுக்காரரிடம் சரிபார்க்க வேண்டாம். மனிதர் இன்னும் துண்டோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.