அவர் விட்டுச்சென்ற டிராக் செட்டிங்

இது நடந்தது போன வருடம் ஜூலையில், செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குப் போகிற வழியில். ஞாயிற்றுக்கிழமை காலை. மும்பை மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், முந்தின நாள் ஆரம்பித்தது விடவே இல்லை. மகளுக்கு மாட்டுங்காவில் ஓவியப் போட்டி. நான் வண்டி ஓட்ட, என் மாமனார் பக்கத்து சீட்டில், மகள் பின்னால்.

வண்டி என் கணவருடையது. சின்ன சிவப்புக் கார். அவர் இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. டெங்கு. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவர், ஒரே வாரத்தில் போய்விட்டார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் கார்தான். வருடத்தில் ஒன்றிரண்டு முறை நண்பர்களோடு சேர்ந்து வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள ரேஸ் டிராக்குக்குப் போவார். பரிசெல்லாம் ஒன்றும் கிடையாது. ஆசை தீர ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஆபீஸ் போய்விடுவார். கிளம்புவதற்கு முன்னால் தாராவியில் ஒரு பாயின் ஒர்க்ஷாப்பில் சக்கரங்களின் கோணத்தை டிராக்குக்கு ஏற்ற மாதிரி மாற்றுவார். வந்த பிறகு திரும்ப ரோட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவார். எனக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். கடைசி முறை போய் வந்தபோது, "ஞாயித்துக்கிழமை பாய்கிட்ட விட்டுட்டு வரணும்" என்று சொன்னார். சனிக்கிழமை காய்ச்சல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் நாங்கள் எதையும் தொடவில்லை. அவர் கையுறைகள் கூட டேஷ்போர்டில் அப்படியே கிடந்தன. மாமா தினமும் காலையில் கீழே இறங்கிப் போய் வண்டியைத் துடைப்பார். மகன் இறந்தபோது அவர் அழவில்லை. சடங்குகளை எல்லாம் முறையாகச் செய்தார், வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்களா என்று விசாரித்தார். அழுகை மட்டும் வரவில்லை. துடைக்கும் துணியைத் துவைத்துக் காயப்போடுவதில்தான் அவர் பொழுது போனது.

நான் மெல்ல மெல்ல வண்டியை எடுக்க ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு முறை. ஸ்டியரிங் கையில் நிற்காது. ரோட்டில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தால் அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். லேசாகத் திருப்பினால் பாய்ந்து திரும்பும். எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் அதை மாமாவிடம் சொன்னபோது, "அவன் ஓட்டினா இப்படி இல்ல" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அன்று காலை சயான் தாண்டி ஒரு வளைவு. ரோட்டில் தண்ணீர் தேங்கி நின்றது. நான் வேகமாகவும் போகவில்லை. தண்ணீரில் இறங்கியதும் ஸ்டியரிங் திடீரென்று லேசாகிப் போனது, கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி. திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. பிரேக்கை மிதித்தேன். அப்படியே சுற்றி, வந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, டிவைடரில் இடித்து நின்றது. கண்ணாடிக்கு நேராக ஒரு டெம்போவின் முகப்பு விளக்குகள். அவன் எப்படி நிறுத்தினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையை நீட்டினால் தொடலாம் போல அவ்வளவு பக்கத்தில் நின்றான்.

பின்னால் திரும்பினேன். மகள் கண்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்ணப் பென்சில்கள் எல்லாம் காலடியில் சிதறிக் கிடந்தன. யாருக்கும் அடி இல்லை. பம்பர் மட்டும் ஒரு பக்கம் தொங்கியது. இடித்த பக்கத்து முன்டயர் காற்றிறங்கி உட்கார்ந்துவிட்டது.

பின்னால் வந்த டாக்சிக்காரர் ஒருவர் இறங்கி வந்து, நான் கேட்காமலேயே மழையில் நனைந்துகொண்டு ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். கழற்றிய டயரை உருட்டிக்கொண்டு வந்து அதன் உள்பக்கத்தை என்னிடம் காட்டினார். வெளிப்பக்கம் புதுசு போலக் கோடுகளோடு இருந்தது. உள்விளிம்பில் ரப்பரே இல்லை, கம்பி தெரிந்தது. குனிந்து மறுபக்கத்து முன்டயரையும் பார்த்துவிட்டு, அதுவும் இதே கதிதான், குழந்தையை வைத்துக்கொண்டு இதில் போகாதீர்கள் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

தாராவி பக்கத்தில்தான். ஆனாலும் அந்த ஒர்க்ஷாப்பின் பக்கம் நான் ஒரு வருடமாகப் போகாததற்குக் காரணம் இருந்தது. பாய்க்கு விஷயம் தெரியாது. அவர் நம்பர் என் கணவரின் போனில் இருந்தது, அந்தப் போனை நான் திறக்கவே இல்லை. இன்னும் ஒருவரிடம் புதிதாகச் சொல்ல வேண்டுமே என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அன்று வேறு வழியில்லை. நடக்கிறவர்களே எங்களை முந்திப் போகிற வேகத்தில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம்.

பாய் கடையநல்லூர்க்காரர். ஐம்பது வயது இருக்கும். வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தார். டிரைவர் சீட்டில் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"தம்பி வரலையாம்மா? ஒரு வருசமா ஆளையே காணோம். வேற கடைக்குப் போயிட்டாவளோன்னு நெனச்சேன்."

நான் எஞ்சினை அணைத்தேன். மாமாதான் சொன்னார், வீட்டு நம்பர் சொல்வது போல நிதானமாக. "அவன் இல்ல. போன வருஷம் தவறிட்டான்."

பாய் உள்ளே திரும்பி மெஷினை நிறுத்தச் சொன்னார். அதன் சத்தம் அடங்கியதும் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, "எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமேம்மா. மையத்து எடுக்கையிலயாவது வந்திருப்பேனே" என்றார். கோபம் இல்லை. அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மகளுக்கு டீயும் பன்னும் வாங்கி வரச் சொல்லிவிட்டு வண்டியை மேலே ஏற்றினார். சக்கரங்களில் கருவிகளை மாட்டி, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். முன்சக்கரம் இரண்டின் எண்களும் சிவப்பில் இருந்தன. டிராக் செட்டிங்கிலேயே நிற்கிறது என்றார். எங்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு உள்ளங்கைகளையும் நிமிர்த்திக் காட்டினார். சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்திருக்கும், முன்பக்கம் இரண்டும் லேசாக வெளியே பார்த்திருக்கும். டிராக்கில் வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி அப்படியே ரோட்டைக் கவ்விக்கொள்ளும். ஆனால் ஊருக்குள் நேராகப் போகிற வண்டிக்கு இது ஆகாது. இரண்டு சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும், உள்விளிம்பு யார் கண்ணுக்கும் தெரியாமல் தேய்ந்துவிடும். டயர் இரண்டையும் மாற்றிவிட்டு ரோட்டு செட்டிங்குக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று கேட்டார்.

"டயரை மட்டும் மாத்துங்க" என்றார் மாமா. "மத்ததைத் தொட வேண்டாம். அது அவன் வெச்சது."

பாய் என்னைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்த டெம்போ விளக்குகளைப் பார்த்தவள் நான். மாற்றுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அந்தக் கோணத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்து முடுக்க வைத்தவை. அதைக் கழற்றிவிட்டால் அவர் வைத்த எதுவும் வைத்தபடி இருக்காது என்று எனக்கும் தோன்றியது.

பாய் கட்டாயப்படுத்தவில்லை. பாதிக்குப் பாதி வைக்கலாம், சாய்வைக் கொஞ்சம் விட்டுவிட்டுச் சக்கரத்தை மட்டும் நேராக்கலாம், டயர் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். மாமா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் பாய் அவர் அருகில் வந்து நின்றார்.

"ஐயா, ரோட்டு செட்டிங்கும் அவுக சொன்னதுதான். கம்பெனி சொல்லுற கணக்கைக்கூட அவுக அப்படியே வைக்க விடல. பாப்பா பொறந்தப்ப வந்து, 'பின்னால கொழந்தை தூங்கும் பாய், வண்டி நேரா போகணும்'னு நாலு தடவை ஓட்டிப் பாத்து ஓட்டிப் பாத்து வச்சாவ. டிராக்குக்குப் போயிட்டு வந்தா அத மாத்துததுக்கு அவுகதான் அவசரப்படுவாவ. அந்த ஞாயித்துக்கிழமை நான் கடையத் தொறந்து வச்சுக்கிட்டு காத்துக்கிட்டுதான் இருந்தேன்."

மாமா திரும்பினார். பன் தின்றுகொண்டிருந்த பேத்தியைப் பார்த்தார். பிறகு கேட்டார், "அவன் சொன்ன அந்தக் கணக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு ஐயா."

"அப்போ அதையே வைங்க."

போல்ட் துருப்பிடித்துப் போயிருந்தது. பாய் யாரையும் கூப்பிடாமல் தானே வண்டிக்கு அடியில் போய் ஸ்பேனரைப் போட்டார். அது முறுகிக்கொண்டு திரும்பியபோது மாமா வண்டியின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் மகனுக்கு ஊசி போட்டபோது தோளில் கை வைத்துக்கொண்டு நின்றது போல. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையில் எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன.

ஓவியப் போட்டி அதற்குள் முடிந்திருக்கும். வீட்டுக்கே திரும்பினோம். மழை குறைந்திருந்தது. மகள் பின்னால் தூங்கிவிட்டாள். ஸ்டியரிங் அசையவில்லை, இழுக்கவில்லை. பழைய பள்ளங்களிலெல்லாம் வண்டி தன்பாட்டுக்கு ஏறி இறங்கி நேராகப் போனது. சுனாபட்டி சிக்னலில் நின்றபோதுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். மாமா வண்டி துடைக்கும் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஒரு வருடமாக வராத அழுகை. பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தைதான் கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரேன்னு பாய்கிட்ட சொல்லியிருந்தானே."

பாய் இப்போது மாதம் ஒரு முறை மாமாவுக்குப் போன் செய்கிறார். என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

என் கணவர் விட்டுச்சென்றதைத் தொடாமல் வைத்திருப்பதுதான் அவருக்கு நாங்கள் செய்யக்கூடியது என்று ஒரு வருடம் இருந்துவிட்டோம். அவர் செய்ய நினைத்து முடியாமல் போனதைச் செய்த அந்த நாளில்தான் அவர் இனி வரமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் உறைத்தது, அந்த வலியோடுதான் இன்றும் நான் வண்டியை எடுக்கிறேன்.