ஏரி பூட்டிக்கிடக்கும் மாதங்கள்

குளியல் தொட்டிக்குள் அன்ரனெற் முகம் முழுக்கத் தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கிறாள். வாயில் கறுத்த ரப்பர்க் குழாய். அதன் மறுமுனை, தொட்டிக்கு வெளியே சாய்த்து வைத்த காற்றுச் சிலிண்டரில். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் கணவன் அலெக்ஸாண்டர் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே நீர்க்குமிழிகள் வெடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி நிற்கிறான். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் அவனுக்குக் காலை வேலை.

"இஞ்சரும், மனிசர் வேலைக்குப் போறேல்லையோ?"

குமிழிதான் பதில். கொஞ்சம் பெரிய குமிழி.

வைகாசியிலிருந்து கார்த்திகை வரை அன்ரனெற்றோடு யாரும் குடும்பம் நடத்தலாம். சனிக்கிழமை விடிய எழும்பி ஏரிக்கோ, ஜோர்ஜியன் குடாவின் அடியில் தாண்டுபோன பழைய கப்பல்களுக்கோ சுழியோடப் போவாள்; உதடு நீலம் பாரித்து, அகோரப் பசியோடு, சிரித்துக்கொண்டு திரும்புவாள். கரையோரம் உறையத் தொடங்கினால் அந்தப் பெண் போய் வேறொருத்தி வந்துவிடுகிறாள். அலுமாரிக் கதவுகள் அடித்துச் சாத்தப்படும். சோறு அடிப்பிடிக்கும். மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டும் கொம்பனியில் நாள் முழுக்கத் தட்டு அடுக்கிவிட்டு வந்து, வோபர்னில் ஒன்பதாம் மாடி ஜன்னலால் பனியை முறைத்துக்கொண்டு நிற்பாள்.

"தண்ணிக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். மேல வந்தாத்தான் கரைச்சல்" என்பது அவள் அடிக்கடி சொல்வது. அந்த "ஒருத்தரும்" தன்னையும் சேர்த்துத்தான் என்று அலெக்ஸாண்டருக்குத் தெரியும்.

மன்னார்க்காரி என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: சங்கு குளித்த பரம்பரையோ? அதற்கு அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "என்ர அப்பா போஸ்ட் ஒஃபிஸில முத்திரை வித்தவர். முழங்காலுக்கு மேல நனைஞ்சால் வீட்டில அடி." நீச்சல் பழகியது முப்பத்துநான்கு வயதில், ஸ்காபரோவில் ஒரு பொது நீச்சல் குளத்தில். பக்கத்தில் நீந்திய ஒரு வெள்ளைக்காரப் பெண் சுழியோடி. "ஒருக்கா வந்து பார்" என்றாள். அன்ரனெற் போய்ப் பார்த்தாள். அவ்வளவுதான் கதை.

சுழியோடிகளுக்குப் பெருவிரலை உயர்த்தினால் மேலே போகலாம் என்று அர்த்தம். அலெக்ஸாண்டருக்கு இது தெரிய வந்தது ஒரு மீன்குழம்பில். வாய் நிறையச் சோற்றோடு, நல்லாயிருக்கு என்று பெருவிரலைக் காட்டினான். "ஏன், எழும்பப் போறீங்களோ?" என்று கேட்டுச் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீர்புகா உடுப்பு ஓர் ஆள் உயரத்தில் வரவேற்பறைக் கதவில் தொங்குகிறது. மாறி வந்த தபாலைக் கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பத்மநாதன் அண்ணை அதைக் கண்டு ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அதன் சிப் இறுகாமலிருக்க மெழுகு பூச வேண்டுமாம். மாசி இரண்டாம் திகதித் திருநாளுக்கு மாதா கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரியை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது மந்திரிச்ச திரியெல்லே."

"அப்ப இன்னும் நல்லது."

தொண்ணூற்றெட்டு மாசியில் புதுப் பேச்சொன்று வந்தது. உறைந்த ஏரியில் பனிக்கட்டியை முக்கோணமாய் வெட்டி, இடுப்பில் கயிறு கட்டி, கீழே இறங்குவார்களாம். பாரி நகருக்குப் பக்கத்தில் பயிற்சியாம். வைகாசி வரைக்கும் பொறுக்க ஏலாதாம்.

"ஒரு ஓட்டை. அந்த ஒரு ஓட்டையாலதான் திரும்பி வரவேணும். உமக்கு விசரே?"

"வீட்டுக்கும் ஒரு கதவுதானே இருக்கு."

ஒரு கிழமை இருவரும் கதைக்கவில்லை. ஆனால் பனியில் பெருந்தெருவில் கார் ஓட்ட அவளுக்குப் பயம். எண்பதடிக்குக் கீழே இருட்டுக் கப்பலுக்குள் நுழைகிறவள், நானூறாம் பெருந்தெருவில் லொறி பக்கத்தில் வந்தால் காரை ஓரங்கட்டி நிறுத்திவிடுவாள். எனவே அந்தச் சனிக்கிழமை அலெக்ஸாண்டரே ஓட்டினான். "கொண்டுபோய் விடுவன். ஐஸில கால் வைக்க மாட்டன். சொல்லிப்போட்டன்" என்று வழி முழுக்க முணுமுணுத்தான்.

அந்த வருடம் குளிர் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது. கரையோரமாய்ப் பயிற்சியாளர் துளைகருவியால் துளைத்துப் பார்த்தார். தள்ளிப்போய் இன்னொன்று. பனிக்கட்டி நுரைத்து, தேநீரில் நனைந்த பாண் துண்டு மாதிரி இருந்தது. தலையை ஆட்டினார். இந்த வருடம் இங்கும் இல்லை, வேறெங்கும் இல்லை என்றார். வந்தவர்கள் சாமான்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்.

அலெக்ஸாண்டருக்கு மனத்திலிருந்து ஒரு கல் இறங்கியது. உடனேயே எரிச்சல் வந்தது: இதற்காகவா ஒரு கிழமை ஊமையாய்த் திரிந்தோம்? திட்டத்தான் திரும்பினான். அவள் அழவில்லை, கோபிக்கவுமில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவள் போல நின்றாள். அந்த முகத்தை அவன் இதற்குமுன் கண்டதில்லை.

"வாரும், போவம்."

அவள் காருக்கு வரவில்லை. கரையிலிருந்து நீண்ட மரத்துறையின் ஓரமாய்ப் பனியில் இறங்கி, முதலில் துளைத்த துவாரத்தின் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். கையுறையைக் கழற்றினாள். கோட்டின் கையைத் தோள் வரை சுருட்டி, வெறுங்கையை உள்ளே விட்டாள். கன்னம் பனியில் ஒட்டும் வரை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"கை விறைச்சுப் போகும். எடும்."

"கொஞ்சம் பொறுங்கோ."

"என்ன இருக்கு உதுக்குள்ள?"

"ஓடுது" என்றாள். "கீழ தண்ணி ஓடுது."

பனிக்கட்டி எங்கோ முறிகிற மாதிரி முனகியது. அலெக்ஸாண்டர் சுற்றிவரப் பார்த்தான்; யாருமில்லை. விசரி, விசரி என்று சொல்லிக்கொண்டே இறங்கி, ஒரு கையால் துறையின் மரக்காலை இறுகப் பிடித்து, மறுகையால் எட்டி அவளுடைய கோட்டின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பற்றிக்கொண்டான்.