நான் போகாத ஸ்டூடியோ

காலையில் என் மகள் கண்ணாடி முன் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். அந்த வாசனையில் எனக்கு மறுபடி பத்து வயதாகிவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன்னால், ஸ்ரீவராகம் வீட்டில் எல்லோரும் போட்டோ ஸ்டூடியோவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். முந்தின வருஷம் வந்த அம்மை என் முகமெல்லாம் தழும்பை விட்டிருந்தது. அம்மா பவுடரை அப்பிப் பார்த்தாள். குழிகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன.

"நான் வரல்லே. இந்த மூஞ்சி படத்திலே என்னைக்கும் இருக்கும்" என்றேன்.

"அது சாரமில்லேடீ, தழும்பு இருந்தா இருக்கட்டும். நீ இல்லாத படம் எனக்கு எதுக்கு?" என்று அம்மா கையைப் பிடித்தாள்.

உதறிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "நாழியாறது" என்று அப்பா அவசரப்படுத்தினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அவள் இருக்கும் படம் அது ஒன்றுதான்.

இந்தத் தழும்புகளோடுதான் எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள். யாரும் பெரிதாக நினைக்கவில்லை. நானும் எப்போதோ மறந்துபோனேன். அந்தப் படத்தை மட்டும் நேராகப் பார்க்க முடிவதில்லை. அப்பாவும் அண்ணன்களும் பின்னால் நிற்கிறார்கள். அம்மா பெஞ்சின் ஓரத்தில், பக்கத்தில் ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறாள்.